பிரேக் என் பொறுப்பு

கால் போய்ச் சேர்வதற்குள் பிரேக் இறங்கியிருந்தது.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கோவில்பட்டியில் கிட்டுவின் பட்டறைச் சந்து மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. வெள்ளைக்கோடு அழிந்து, ரோட்டின் நிறத்துக்கே வந்துவிட்ட தடை. அதைக் கண்டதும் சக்திகுமார் வலது காலை நகர்த்தினான். பெடல் இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை. ஏற்கெனவே கீழே போய், யாரோ பொறுமையாக மிதித்துக்கொண்டிருப்பதுபோல அமுங்கி நின்றது. கார் தலையைக் கவிழ்த்துத் தடையில் ஏறி இறங்கி நிமிர்ந்த பிறகுதான் பெடல் மெல்ல மேலே வந்து அவன் செருப்பைத் தொட்டது, இப்போதுதான் வந்தாயா என்று கேட்பதுபோல.

இடப்பக்கம் குனிந்து பார்த்தான். அங்கே இருக்கவேண்டிய இரண்டு பெடல்களும் இல்லை. இருக்காது என்று அவனுக்கே தெரியும். சற்றுமுன் கிட்டு அவன் கண்ணெதிரேதான் அவற்றைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி டிக்கியில் போட்டிருந்தான்.

டிரைவிங் ஸ்கூல் கார் என்றால் இரண்டு பக்கமும் பெடல் இருக்கும். வலப்பக்கம் பழகுகிறவருக்கு, இடப்பக்கம் மாஸ்டருக்கு. மாஸ்டர் இடப்பக்கத்தில் மிதித்தால், ஒரு கேபிள் இழுத்து, வலப்பக்கத்துப் பெடல் இறங்கும். சக்திகுமார் ஏழு வருடமாக அந்த மாஸ்டர்.

“கேபிள் நூல் நூலாப் போச்சு மாஸ்டர். இத வச்சிக்கிட்டா இத்தன நாளும் ஆளுகளக் கூட்டிட்டுப் போனீரு?” என்று கிட்டு கேட்டிருந்தான்.

“பிடிச்சுதே.”

“எப்பிடிப் பிடிச்சுது? இத வச்சிப் பட்டம்கூட விடமுடியாது.”

புதுக் கேபிள் மதுரையிலிருந்து வரவேண்டும். ஸ்கூல் முதலாளி மந்திரமூர்த்திக்கு சக்திகுமார் பட்டறையிலிருந்தே போன் போட்டான்.

“வரப்போ வரட்டும். நீ வண்டியக் கொண்டாந்து நம்ம வீட்டுல விட்டுரு. காலையில வீட்ல உள்ளவியள மணியாச்சியில ரயிலேத்தி விடணும்,” என்றார் முதலாளி. அவர் வீடு கடம்பூர் போகிற வழியில் உள்ளடங்கிய ஓர் ஊரில் இருந்தது.

“அண்ணாச்சி, இடப்பக்கம் பிரேக் இல்ல.”

“நீ எந்தப் பக்கம் ஒக்காந்து ஓட்டப் போற?”

“வலப்பக்கம்.”

“பொறவு?”

அந்தப் ‘பொறவு’க்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் கூச்சம். ஏழு வருடமாக சக்திகுமார் கார் ஓட்டவில்லை. ஓட்டுகிறவர்களை நிறுத்திக்கொண்டிருந்தான். உலகத்தை அவன் இடப்பக்கக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தான். பஸ்ஸில் போனாலும் வளைவு வந்தால் அவன் கால் தரையை மிதிக்கும். பக்கத்தில் இருப்பவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். வலப்பக்க இருக்கையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தபோது, அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில் தாலியைக் கையில் கொடுத்ததுபோல இருந்தது.

வண்டியையும் தன்னையும் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான்.

ஸ்பிரிங் மக்கர் பண்ணுகிறது என்று முடிவு செய்துகொண்டான். கழற்றிய வேலையில் எதையாவது இளக்கி விட்டிருப்பான் கிட்டு. பழைய வண்டி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடலைமிட்டாய்க் கம்பெனிகளில் அன்றைய கடைசிப் பாகு இறங்கும் நேரம். கொதிக்கிற வெல்லத்தின் வாசனையும், தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து கசிகிற மருந்து நெடியும் ஒன்றோடொன்று கலந்து, ஏதோ இனிப்பான ஒன்று எரிந்துகொண்டிருப்பதுபோல, மினிபஸ் புகைக்கும் புழுதிக்கும் நடுவே கார் கண்ணாடி வழியாக உள்ளே வந்து சட்டையில் ஒட்டிக்கொண்டது. சக்திகுமாரின் அறையும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கோடவுனுக்கு மேலேதான். இந்த நெடியில்தான் தினமும் தூங்கினான். அந்த அறைக்கு வந்துபோகிறவர் யாரும் இல்லை. பேச்சு என்றால் பழக வருகிறவர்களோடுதான், அதுவும் இருபது வகுப்பு. “மாஸ்டர் மாஸ்டர்” என்று உயிரைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனைத் தாண்டிப் போவார்கள். அவன் கையை உயர்த்துவான். பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொள்வான்.

முதல் வகுப்பில் எல்லோரிடமும் அவனுக்கு ஒரே வசனம்தான். “ஸ்டியரிங் உங்க பொறுப்பு, பிரேக் என் பொறுப்பு. பயப்படாதீங்க.” சனங்களுக்கு அந்த வசனம் ரொம்பப் பிடித்திருந்தது. கியர் மாற்றப் படித்தார்கள். வளைக்க, கண்ணாடி பார்க்க, இண்டிகேட்டர் போடப் படித்தார்கள். நிறுத்துவது மட்டும், சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றுவதுபோலத் தானாக நடக்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேர்வு நாளன்றும் அவன் கால் சும்மா இருந்ததில்லை. ஏழு வருடத்தில் அவனிடம் பழகிய யாரும், பழகும்போது, ஒரு சுவரைக்கூட உரசியதில்லை.

பெட்ரோல் பங்குக்கு எதிரே பள்ளிக்கூடத் தெரு மெயின் ரோட்டில் வந்து முட்டுகிறது. அங்கே இரண்டு இரும்புத் தடுப்புகள் வைத்திருந்தார்கள். ‘விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதி, அதைவிடப் பெரிய எழுத்தில் ஒரு துணிக்கடையின் பெயரும் எழுதியிருந்தது. சக்திகுமார் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுப்பதற்கு அவசியமில்லை, முன்னால் ரோடு காலியாகத்தான் கிடந்தது.

கார் நின்றது.

மூன்று தவணையாக நின்றது. மெல்ல, இன்னும் கொஞ்சம், பிறகு முழுதாக. அது அவன் மிதிக்கிற விதம். பழகுகிறவரின் கழுத்து ஆடாமல் நிறுத்த அவனே கண்டுபிடித்த விதம்.

பின்னால் ஹாரன்கள் எழுந்தன. ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து உரசாத குறையாக நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“ஏய் எல் போர்டு! படிச்சி முடிச்சிட்டு ரோட்டுக்கு வாரும்வே. ஒமக்கெல்லாம் எந்த மாஸ்டர் சொல்லிக்குடுத்தான்?”

டிரைவர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

“அந்தப் பின்கதவையாவது சாத்தும். தொறந்து கெடக்கு.”

டேஷ்போர்டில் கதவு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தான். இடப்பக்கப் பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கிட்டு பெடலைக் கழற்றும்போது திறந்திருப்பான். சாத்தினான். சாத்தும்போது உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. சாக்பீஸ் தூள். மழை பெய்யாத ஊரில், கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்ததும் வருமே, அந்த வாசனை.

கிளம்பிய பிறகுதான் அவனுக்கு முத்துசெல்வி ஞாபகம் வந்தாள். மழலையர் பள்ளி டீச்சர். போன வருடம் அவனிடம் பழகியவள். மடியில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். இதே தெருவிலிருந்து, இண்டிகேட்டர் எல்லாம் முறையாகப் போட்டுக்கொண்டு, நிற்காமல் மெயின் ரோட்டுக்கு வந்து மினிபஸ்ஸின் அடியில் போனாள். ரோட்டில் பிரேக் பிடித்து டயர் தேய்ந்த தடமே இல்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சக்திகுமார் அன்று ஸ்டேட்டஸில் ஒரு மெழுகுவர்த்திப் படம் வைத்தான்.

ஊரைத் தாண்டியதும் நாற்கரச் சாலை. வெளிச்சம் ஆரஞ்சிலிருந்து சாம்பலுக்கு மாறியிருந்தது. மனதை ஒரு நிலைக்குக் கொண்டுவர, வகுப்பில் சொல்வதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டினான். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் ரெண்டு விநாடி இடைவெளி விடணும். எதிர்ல வெளிச்சம் கண்ணக் கூசினா இடதுபக்க வெள்ளைக்கோட்டப் பாக்கணும், வெளிச்சத்தப் பாக்கக்கூடாது. பெரிய ரோட்டுலயும் எதிர்த்திசையில பைக் வரும், வரும்னு நெனச்சே ஓட்டணும். பொழுது சாயும் நேரத்துல லாரியோட முதுக நம்பாதீங்க, அது ஓடுதா நிக்குதான்னு தெரியாது.

லாரி என்று சொல்லும்போதே பெடல் அவன் கால்விரலிலிருந்து நழுவி இறங்கியது.

மெல்ல. இன்னும் கொஞ்சம். முழுதாக.

கார் நின்ற இடத்துக்கு முன்னால், கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், ரோட்டோரக் கோட்டுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு லாரி நின்றிருந்தது. விளக்கு இல்லை. பின்னால் சிவப்புப் பட்டை இல்லை. சுற்றிக் கல்லோ கிளையோ போட்டு எச்சரிக்கவில்லை. சாம்பல் வெளிச்சத்தில் சாம்பல் நிறத் தார்ப்பாய். அவன் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருக்கவே மாட்டான்.

பிழைத்தேன் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு கணம், யாருக்கு என்று தெரியாமலே, நன்றி சொல்ல வாய் எடுத்தான்.

கதவு விளக்கு எரிந்தது.

இந்தமுறை அவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வெளியே ஒரு பஸ் அலறிக்கொண்டு தாண்டிப் போனது. அதன் காற்றில் கார் ஒருமுறை ஆடி அடங்கியது. பின்பக்கம் மட்டும் அடங்காமல், மெத்தையில் ஆள் உட்காரும்போது இறங்குமே, அப்படிக் கொஞ்சம் இறங்கியது. பின்கதவு ‘டப்’ என்று சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது. புதினா மிட்டாய் வாசனை.

ஜெயபாண்டி. செல்போன் கடை வைத்திருந்த பையன், அவனிடம் பழகியவன். வாயில் எப்போதும் புதினா மிட்டாய். லைசென்ஸ் வாங்கிய இரண்டாவது மாதம் இந்த ரோட்டில், நின்றிருந்த லாரியின் முதுகில் நேராகப் போய் நுழைந்தான். தூங்கிவிட்டான் என்றார்கள். தடமே இல்லை என்றார்கள். சக்திகுமார் அதே மெழுகுவர்த்திப் படத்தை வைத்தான். புதிதாகத் தேடவேண்டியிருக்கவில்லை.

லாரியைச் சுற்றிக்கொண்டு கிளம்பியபோது கார் முனகியது. ஏழு வருடம் கேட்ட முனகல். பழகுகிறவர் ஒருவர் ஓட்ட, தங்கள் முறைக்காக மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து வருவார்கள். தலைக்கணக்குப் பார்க்காமலே, எத்தனை பேர் என்று என்ஜின் சத்தத்தில் சொல்லிவிடுவான்.

இப்போதும் அந்தச் சத்தம் சொன்னது. இரண்டு பேர்.

கடம்பூர்ப் பக்கம் பிரியும் ரோட்டில் திரும்பினான். இரண்டு பக்கமும் கரிசல். பயறு பிடுங்கிய காடு வெறுமையாகக் கிடந்தது; வெடிப்பு விழுந்த மண், நடுநடுவே கருவேலம், அதற்கும் அப்பால் வரிசையாகக் காற்றாலைகள். இறக்கைகள் இருட்டில் தெரியவில்லை. அவற்றின் உச்சியில் சிவப்பு விளக்குகள் மட்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. எங்கோ கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. ஒரு வண்டியும் எதிரே வரவில்லை. ஒரு நாயும் குரைக்கவில்லை. இவ்வளவு பெரிய வெளியில் வெளிச்சம் என்பது அவன் காரின் முன்னால் விழுந்த இரண்டு மஞ்சள் வட்டம்தான்.

போன் அடித்தது. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. பிழைத்துக் கிடந்தால் எல்லாவற்றையும் முறையாகச் செய்வது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். தானாக, தன் காலால், பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினான். பெடல் அவனுக்குக் கட்டுப்பட்டது. நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

“எங்கனலே வார?” முதலாளி.

“பக்கத்துல வந்துட்டேன் அண்ணாச்சி. அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் பைக்க எடுத்துக்கிட்டு எதுக்க வாரீங்களா?”

“எதுக்கு? ஒனக்கு ஆரத்தி எடுக்கவா? சரி, ஆளுகள எங்க எறக்கி விடப் போற?”

“எந்த ஆளுக?”

“பின்னால சத்தங் கேக்குதுல்லா. கிளாஸ் எடுத்துக்கிட்டா வார, இருட்டுன பொறவு?”

சக்திகுமார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். காருக்குள் காற்றில்லை. சத்தமில்லை. இண்டிகேட்டரின் ‘டிக், டிக்’ மட்டும்.

“என்ன சத்தம் அண்ணாச்சி?”

“ஒப்பிக்காவளே. ஏ-ன்னா ஆக்சிலரேட்டர், பி-ன்னா பிரேக், சி-ன்னா கிளட்ச்சு. ஒரு பொம்பளையும் ஒரு பையனும். நல்லாத்தாம்லே ஒப்பிக்காவ.” முதலாளி சிரித்தார். “பி-ன்னு சொல்லையில மட்டும் நிறுத்திக்கிட்டு ஒன்னையப் பாக்காவளோ? நீ சொல்லு, அவிய காத்திருக்...”

சிக்னல் போய்விட்டது.

இடப்பக்கக் கண்ணாடியின் மேல் மாஸ்டருக்கென்று ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். பின்னால் இருப்பவர்கள் அதில் தெரிவார்கள். அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு முழுக் கழுத்தும் தேவைப்பட்டது.

திரும்பிப் போகலாம். திரும்பினால் அந்த லாரி வரும், பள்ளிக்கூடத் தெரு வரும். இறங்கி ஓடலாம். எங்கே? கண்ணுக்கெட்டிய மட்டும் காடு. நேராகப் போனால் முதலாளி வீடு, வாசலில் டியூப்லைட், மனிதக் குரல். ஆனால் நேராகப் போகிற வழியில்தான் சோலைச்சாமி செத்த இடம் இருந்தது.

மூன்றாவது மெழுகுவர்த்தி.

சோலைச்சாமி ஐம்பத்தெட்டு வயதில் கார் பழக வந்தவர். சம்சாரி, விவசாயம்தான் பிழைப்பு. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கச் சொன்ன கார் வாசலில் நின்றதால் வந்தார். தோளில் துண்டில்லாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். “ஒம்ம காலு இருக்க மட்டும் எனக்கென்ன பயம் மாஸ்டர்,” என்பார். இந்தப் பக்கத்து ஊர்களில் உளுந்தும் பயறும் அறுத்தால் களத்துக்குப் போவது குறைவு, தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வருகிற போகிற வண்டியெல்லாம் சக்கரத்தால் அடித்துக் கொடுக்கும். அடித்த தவசத்தின் மேல் வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிக் கல் வைப்பார்கள். தவசத்தை அள்ளிப் போவார்கள். கல் கிடக்கும். யார் கல் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அடுத்த அறுப்புக்கு வேண்டுமல்லவா. அப்படி மறந்துபோன கல்வரிசையைப் பார்த்ததும் சோலைச்சாமி ஸ்டியரிங்கை அழகாக ஒடித்திருக்கிறார். ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. அதே வேகத்தில் போய் அடுத்திருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடைக்குள் விழுந்தார். தண்ணீர் இல்லாத ஓடை.

தடமே இல்லை.

சக்திகுமார் முதல் கியரில் போனான். நடக்கிற வேகம். கண்ணை இமைக்காமல்.

கல் வந்தது.

முதலில் ஒன்று. பிறகு வரிசையாக. ரோட்டின் பாதியை அடைத்துக் கல், முள், அதற்குள் தார்ப்பாய் மூடிய உளுந்துக் குவியல். பக்கத்தில், காவலுக்குப் படுத்திருப்பவர்போலப் போர்வை போர்த்தி நீளமாக ஓர் உருவம்.

பெடல் இறங்கியது. மூன்று தவணை. என்ஜின் அணைந்தது.

மனுசன்! அவனுக்கு அழுகை வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

“அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. வண்டி ரிப்பேரு. ஒங்க ஊரு மட்டும் கூட வாரேன்.”

போர்வை அசையவில்லை. குனிந்து தோளைத் தொட்டான். தோள் இல்லை. கல். போர்வையைத் தூக்கினான். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வரிசையாக அடுக்கிய கல். காற்றில் தார்ப்பாய் பறக்காமலிருக்கக் கொண்டுவந்தவை, அள்ளிப் போகும்போது மறக்கப் போகிறவை.

கையிலிருந்து போர்வை நழுவியது.

அப்போது தார்ப்பாய்க்குள் உளுந்து சரியும் சத்தம் கேட்டது. சரசரவென்று. குவியல் நடுவில் உயர்ந்தது. தார்ப்பாய் ஒருபக்கமாக விலகி, அதற்குள்ளிருந்து ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையிலிருந்து உளுந்து உதிர்ந்தது. காதிலிருந்து உதிர்ந்தது. அவசரப்படாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒருமுறை உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

ஓடினான்.

காரை நோக்கித்தான் ஓடினான். வேறெங்கும் வெளிச்சமில்லை. எடுத்துக்கொண்டு போய்விடவேண்டும். பின்னால் யார் இருந்தால் என்ன. கை கதவைப் பிடித்தது. திறந்தது. உள்ளே விழுந்தான். சாத்தினான். பூட்டைக் கீழே அமுக்கினான். மூச்சு. மூச்சு. சாவி. சாவியைத் தேடிக் கையை நீட்டினான்.

சாவி அந்தப் பக்கம் இருந்தது.

ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருந்தது.

ஏழு வருடமாக ஒருநாளுக்கு இருபது தடவை திறந்த கதவைத்தான் திறந்திருந்தான். இடப்பக்கக் கதவு. இடப்பக்க இருக்கை. மாஸ்டரின் இடம். முதுகு பதிந்த பள்ளம் முதுகைச் சரியாக வாங்கிக்கொண்டது.

வலப்பக்கக் கதவு மரியாதையாகத் திறந்தது. கார் அந்தப் பக்கம் சாய்ந்தது. உளுந்து வாசனை, காய்ந்த மண் வாசனை.

“எடுக்கட்டுமா மாஸ்டர்?”

சக்திகுமார் கதவோடு ஒட்டிக்கொண்டான்.

சோலைச்சாமி பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியைச் சரி செய்தார். இண்டிகேட்டரைப் போட்டார். சாவியைத் திருப்பினார். கிளட்ச்சை விட்ட விதத்தில் ஒரு குலுக்கல் இல்லை. எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தபடி. கல்வரிசையைப் பார்த்து ஸ்டியரிங்கை அழகாக ஒடித்தார். ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவது கியர்.

“மெதுவா,” என்றான். “பெரியவரே, மெதுவா.”

மூன்றாவது.

ஹேண்ட்பிரேக்கைத் தாவிப் பிடித்தான். அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. பின்னாலிருந்து நீண்ட கை. கண்ணாடி வளையல். விரலெல்லாம் வெள்ளைத் தூள். குளிர்.

“ஓடுதப்ப இதத் தொடக்கூடாதுன்னு நீங்கதான மாஸ்டர் சொன்னீங்க,” என்றது பெண்குரல், வகுப்பில் பதில் சொல்லும் பிள்ளையைப்போல.

“சாவியத் திருப்புங்க! நிறுத்துங்க!”

“அது ஒங்க பொறுப்புல்லா,” என்றார் சோலைச்சாமி.

பின்னால் யாரோ மிட்டாயை மென்றார்கள்.

நான்காவது கியர். ரோடு நேராக ஓடியது. வெளிச்சத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒன்று முளைத்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர். நடுவில் உடைந்த இடம். இன்னும் பூசவில்லை.

சக்திகுமார் வலது காலைத் தூக்கி மிதித்தான். வெறும் தரை. மறுபடி மிதித்தான். ரப்பர் விரிப்பு. மறுபடி. மறுபடி. குதிகால் தெறித்தது. டிக்கியில், பழைய பேப்பருக்குள், இரண்டு இரும்புப் பெடல்கள் ஒவ்வொரு மிதிக்கும் உருண்டு உருண்டு மோதின.

சுவர்.

மேலே ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடியை இப்போதுதான் பார்த்தான். ஓட்டுகிறவரைப் பார்த்தான்.

யாரும் ரோட்டைப் பார்க்கவில்லை.

மூன்று பேரும் தலையைக் குனிந்து, கொஞ்சமும் பயமில்லாமல், அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.